தோளில் இருந்த கை

மார்ச் 4, செவ்வாய்

காப்பக அறையில் இன்றும் குளிர் எலும்பு வரை இறங்கியது. ஏசி எனக்காக இல்லை, மெஷின்களுக்காக. பதினோரு வருடமாக அவற்றின் தயவில் சில்லென்று உட்கார்ந்திருக்கிறேன். மேல்மாடியில் நியூஸ் டெஸ்க் காட்சி கேட்கும், நான் பழைய பதிவுகளில் தேடி எடுத்து அனுப்புவேன். இன்று கேட்டவை: அழுகிற பெண்கள், பூட்டிய ஆலை, தண்ணீர் வராத குழாய். மூன்றும் கொடுத்தாயிற்று. குழாய் ஏழு வருடப் பழசு. மேல் மூலையில் ஐந்து விநாடி 'கோப்புக் காட்சி' என்று எழுத்து வந்தால் போதும், அதற்குப் பிறகு எல்லாம் புதுசுதான்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா டிவி முன்னால். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வேறு சேனல் வைக்க விடமாட்டார். "இது என் பொண்ணு எடுத்துக் கொடுத்த படம்" என்று கேஸ் சிலிண்டர் போட வருகிறவரிடம்கூடச் சொல்லுவார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனவர். இந்த வீட்டில் அவர் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்காத ஒரே சாமான் அந்த டிவிதான்.

மார்ச் 6, வியாழன்

டெஸ்க்கிலிருந்து போன். "மருத்துவமனை வரிசை வேணும். நெரிசலா இருக்கணும், முகம் தெரியணும். உடனே." எட்டு மணி நிகழ்ச்சிக்காம். அதை நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் இடி. இன்றைய விஷயம், இலவச மருந்தையெல்லாம் அக்கரைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது. அதாவது முப்பது நாற்பது வருடத்துக்கு முன் ஆற்றைத் தாண்டி வந்து குடியேறியவர்கள். எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் அவர்கள்தான்.

தேடியதில் பதினான்கு காட்சி வந்தது. திறந்து பார்க்க நேரமில்லை. மொத்தமாக அனுப்பிவிட்டேன்.

எட்டு மணிக்கு அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். திரையில் பேக்கரி சித்தப்பா.

மார்ச் 7, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

பேக்கரி சித்தப்பா எங்களுக்கு உறவில்லை. தெருமுனைப் பேக்கரிக்காரர். அக்கரையிலிருந்து வந்தவர். அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் 'பங்காளி' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அந்த வகையில் எனக்குச் சித்தப்பா ஆனார்.

இன்று காலை அந்தக் காட்சியை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி. அது மருந்துக்கு நின்ற வரிசையே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் ரயில் கவிழ்ந்த அன்று, ரத்தம் வேண்டும் என்று மருத்துவமனையில் மைக் வைத்துக் கேட்டார்கள். சித்தப்பா ஷட்டரை இழுத்துவிட்டு, ரொட்டி வண்டியில் தெருவையே ஏற்றிக்கொண்டு போனார். ரத்தம் கொடுக்க நின்ற வரிசை அது. முழுப் படத்தில் சித்தப்பாவுக்குப் பின்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார். சித்தப்பாவுக்கு ஊசி என்றால் நடுக்கம். அதனால் அவர் தோளில் கை போட்டிருக்கிறார்.

நேற்று ஒளிபரப்பில் சித்தப்பா முகத்தைப் பெரிதாக்கி, மற்றதை வெட்டிவிட்டார்கள். அப்பா போய்விட்டார். கை மட்டும் மிச்சம், கறுப்பு வார்க் கைக்கடிகாரத்தோடு. இடி சொன்னார், "பாருங்க, ஒருத்தர ஒருத்தர் எப்படித் தள்ளிக்கிட்டு முன்னால போறாங்கன்னு." அதே கடிகாரம் கட்டிய கையில் ரிமோட்டைப் பிடித்தபடி அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம சித்தப்பா மாதிரி இல்ல?" என்று கேட்டேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அது எந்த நாள் என்று அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. வயது எழுபது.

அந்தப் பதிவைக் காப்பகத்தில் ஏற்றியது நான். படிவத்தில் 'நிகழ்வு' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று ஒரே நாளில் நாற்பது டேப். கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மருத்துவமனை, வரிசை, கூட்டம். இந்த மூன்று சொல்தான் போட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால், எடுத்து அனுப்பியது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

செய்தி ஆசிரியரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, நாற்காலியைக் காட்டினார்.

"கோப்புக் காட்சின்னு போட்டோமா இல்லையா?"

"அஞ்சு செகண்ட் போட்டோம் சார்."

"அப்புறம் என்ன? யாரையும் பேர் சொல்லல. ஒரு வரிசைய காட்டினோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க அப்பா எப்படி இருக்கார்? ஸ்டென்ட் வெச்சது நம்ம இன்ஷூரன்ஸ்லதானே? மாத்திரையெல்லாம் ஒழுங்கா கிடைக்குதா?"

நிஜமான அக்கறையோடுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். 'நிகழ்வு' கட்டத்தில் 'ரத்த தானம்' என்று நிரப்பினேன். அதனால் ஒன்றும் ஆகாது. வரிசை என்று தேடினால் இன்னமும் அதுதான் முதலில் வருகிறது.

மார்ச் 19, புதன்

இன்று கண்ணால் பார்த்தது. காலை பத்து மணிக்கு டெஸ்க்கில் ஒருத்தர் டீ குடித்துக்கொண்டே அடித்த வரி: 'வரிசை நம்முடையது'. எட்டு மணி நிகழ்ச்சிக்குத் தலைப்பு. மதியம் கட்சி ஆபீஸிலிருந்து யாரோ கேட்டு வாங்கினார்கள். மாலை தேர்தல் கூட்டத்தில் தலைவர் அதை முழங்கினார், கூட்டம் மூன்று தடவை திருப்பிச் சொன்னது. இரவு எங்களுக்கு அதுவே செய்தி: மக்கள் மனதில் இருந்ததைத் தலைவர் சொல்லிவிட்டாராம். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் சித்தப்பா, தோளில் அப்பாவின் கை.

எழுதினவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஏப்ரல் 2, புதன்

அப்பா இப்போது பேக்கரிக்குப் போவதில்லை. ரொட்டியை இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கி வருகிறார். ஏன் என்று கேட்டால், "நடந்த மாதிரியும் இருக்கும்ல" என்கிறார். சாயங்காலம் சித்தப்பாவோடு கடை வாசலில் நின்று பேசுவதும் நின்றுவிட்டது. எட்டடித்தால் டிவி முன்னால். முன்பாவது நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். இப்போது கண் அசையாமல் முடியும்வரை பார்க்கிறார். முடிந்ததும் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார், ஒரு வார்த்தை கிடையாது.

அப்பாவும் மாறிவிட்டார். ஊரெல்லாம் மாறும்போது அவர் மட்டும் என்ன விதிவிலக்கா? எனக்கு அழுகைகூட வரவில்லை. பாத்திரம் துலக்கினேன்.

ஏப்ரல் 9, புதன்

சித்தப்பா சர்க்கரை மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். வரிசையில் நின்றவரை நான்கு பேர் கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டிருக்கிறார்கள். "டிவில வந்த ஆளுதானே நீ?" என்று கேட்டார்களாம். அடிக்கவில்லை. கண்ணாடி மட்டும் உடைந்தது.

இதைச் சொன்னது சித்தி, சித்தப்பாவின் மனைவி. பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தாள்.

"நீ அங்கதானேம்மா வேலை பாக்கறே. அன்னிக்கு எதுக்குப் போய் நின்னோம்னு அந்தப் படத்துல இருக்கும்ல? ரத்தம் எடுக்கறது, பேனர் எல்லாம்? ஒரு காப்பி எடுத்துக் குடு. மனுவோட வெச்சுக் குடுக்கறோம். அது இருந்தா இங்கயே இருந்துடலாம்னு அவர் சொல்றார். இல்லன்னா என் தம்பி வீட்டுக்குக் கிளம்பணும்."

பார்க்கிறேன் சித்தி என்றேன். பஸ் வந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றும் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பென் டிரைவ் கைப்பையில் இருக்கிறது, இன்னும் எதுவும் ஏற்றாமல். காப்பகத்திலிருந்து ஒரு விநாடிப் படம் வெளியே போனாலும் வேலை காலி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும், அப்பாவின் மாத்திரை போகும். யாருக்காக இதையெல்லாம் பார்க்கிறேன்? வரிசையில் நின்றதையே மறந்துவிட்ட அந்த மனுஷனுக்காக. சித்தப்பா மாத்திரை இல்லாம இருக்கார், எங்கப்பா மாத்திரைக்காக நான் வாய மூடிக்கிட்டிருக்கேன். இத யார்கிட்டப் போய்ச் சொல்றது – சொன்னாத்தான் என்ன ஆயிடப்போகுது?

சித்தியைப் பார்க்காமல் இருக்க பின்பக்கத் தெரு வழியாகப் போய் பஸ் ஏறுகிறேன்.

மே 5, திங்கள்

காப்பக மென்பொருள் ஒரு காட்சி எத்தனை தடவை வெளியே போனது என்று காட்டும். சித்தப்பாவின் வரிசை இதுவரை அறுபத்து மூன்று தடவை.

மே 12, திங்கள்

தலைவர் ஜெயித்துவிட்டார். ஆபீஸில் மூன்றடுக்குக் கேக். இடி வேலையை விட்டுப் போகிறார், புது அரசின் தகவல் ஆலோசகராக. காப்பகத்துக்கு நேரில் வந்து எனக்குக் கை கொடுத்தார். "உங்க படங்கள் இல்லன்னா இந்த நிகழ்ச்சியே இல்லம்மா" என்றார். கேக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மே 24, சனி

எடுத்துவிட்டேன். சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வாசலில் செக்யூரிட்டி தலை நிமிரவில்லை, போனில் எங்கள் சேனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதமாக நான் பயந்து செத்தது இவருக்குத்தான்.

மே 25, ஞாயிறு

காலையில் பேக்கரிக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. போர்டைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. எதிர்க்கடை டெய்லர் சொன்னார், "வியாழக்கிழமையே காலி பண்ணிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. சித்தியின் தம்பி எங்கே இருக்கிறார் என்று நான் அன்றைக்குக் கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. ரொட்டி வாசனை மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்து பென் டிரைவை டிவியின் பக்கத்தில் செருகினேன். ஆத்திரம். அப்பா பார்க்கட்டும், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். நாற்பத்தொரு விநாடி ஓடியது. பேனர், ரொட்டி வண்டி, சித்தப்பா, பின்னால் அப்பா.

"இது யாருன்னு தெரியுதா?" என்றேன்.

அப்பா ரிமோட்டை மடியில் வைத்தார். "மொத நாளே தெரியுமேம்மா. என் கை எனக்குத் தெரியாதா?"

நான் டிவி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"உன் வேலைக்கு ஏதாவது ஆயிடும்னு வெளிய வாய தொறக்கல. பங்காளி மூஞ்சில முழிக்க முடியல, அதான் அந்தப் பக்கமே போகல." திரையைப் பார்த்தபடியே சொன்னார், "தெனம் எட்டு மணிக்கு அதுக்குத்தான் உக்காந்தேன். நீ உள்ள இருக்கே. என்னிக்காவது ஒரு நாள் நீ அத முழுசா போட வெச்சுடுவேன்னு."

மே 26, திங்கள்

காலை ஷிஃப்ட். டெஸ்க் கேட்டது: "மருத்துவமனை, வரிசையே இல்லாம. காலியா, சுத்தமா." புது அரசு வந்து இரண்டே வாரத்தில் நெரிசல் தீர்ந்துவிட்டதாம். தேடினேன். விடுமுறை நாளில் எடுத்த ஒன்று இருந்தது, நான்கு வருடப் பழசு. அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவி கூடத்துத் தரையில் குப்புறக் கிடக்கிறது. முதுகுப் பலகையைக் கழற்றி சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். ஸ்க்ரூக்கள் ஒரு கிண்ணத்தில். ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, ரிப்பேரா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.