வாசலில் ஒரு சிவப்பு வாளி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. கைக்கு ஒன்றும் இல்லை, கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. வெயிலில் வெந்து கிடந்த மதில் சுவரெல்லாம் இப்போது ஊறிப்போய் நிற்கிறது.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்ததும் "நல்லா இருக்கேம்மா" என்பது தானாக வாயில் வந்துவிடுகிறது. அதைச் சொன்ன பிறகு வேறு எதைச் சொன்னாலும் பொருந்துவதில்லை. நீயும் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய். காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து நீ குறுக்கே பேச முடியாது. அந்த வசதிக்காகவும்தான்.

முதலில் உடம்பு. இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். பயிற்சி கொடுக்க வரும் பெண் போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள், அப்படி ஒரு அதட்டல். நீ ஏற்பாடு செய்த சமையல்கார அம்மா நன்றாகவே சமைக்கிறார். உப்பு மட்டும் ஒரு நாள் தூக்கல், ஒரு நாள் சப்பை. அதைச் சொல்லப் போய் அவர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவனுக்குப் பிழையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால் வந்த வினையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விசிலைப் பற்றி.

நீ அவளை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாய். பின் தெருவில் குடியிருப்பவள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, உன் வயதுதான் இருக்கும். மழைக்கு முன்னால் சாக்கடை தூர்வாருவது, குளிர் தொடங்கும்போது பழைய கம்பளி சேகரிப்பது, வருடக் கடைசியில் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பது என்று நம் குடியிருப்பில் எது நடந்தாலும் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு அவள்தான் முன்னால் நிற்பாள். அதனால் சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் விசில்தான். அந்தப் பேருக்குத்தான் அவளும் திரும்பிப் பார்ப்பாள். உன் அம்மா இருந்தவரை அவளோடு போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றுக்கும் போனதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புத் தாள் வந்தால் சிவப்பு மையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவேன். அதுதான் ஊருக்கு நான் செய்த சேவை.

போன வருடக் கோடையில் மூன்றாவது தெருவில் தனியாக இருந்த தையல்காரர் வெயில் தாங்காமல் இறந்துபோனார். ஊருக்குத் தெரியவே சில நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் விசில் இந்த வாளி ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். தனியாக இருக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிவப்பு வாளி. காலையில் எழுந்ததும் அதை வாசலில் வைக்க வேண்டும், இருட்டினால் உள்ளே எடுக்க வேண்டும். வாளி வெளியே இருந்தால் ஆள் நடமாடுகிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். வெயில் தணிகிறவரை தினமும் இது நடக்கும். நம் தெரு அவள் பொறுப்பு.

எனக்கு அந்த வாளியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இங்கே ஒரு தனிக்கட்டை இருக்கிறான் என்று வீட்டு வாசலில் பலகை மாட்டியது போல இருந்தது. அவளோ வாளி இருந்தாலும் விடமாட்டாள். கேட்டைத் தட்டி, தூங்கினீங்களா சார், தண்ணி நெறைய குடிக்கறீங்களா சார் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். ஒரு நாள் சங்கக் கூட்டத்துக்கு என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்து, "நான் செத்துட்டனான்னு பாக்கத்தான் தினமும் வந்து தட்டறியா? வாளிதான் இருக்கே, அது போதாதா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் வருவதில்லை. எதிர்ப்பக்கமாக நடந்துகொண்டே வாளியைப் பார்த்து "வணக்கம் சார்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. தினமும் குனிந்து வைப்பதும் குனிந்து எடுப்பதும் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று, நான் வாளியை ராத்திரியும் வெளியிலேயே விட ஆரம்பித்தேன். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த ராத்திரி, இருட்டி வெகுநேரம் ஆன பிறகு, குளியலறையில் வழுக்கி விழுந்தேன். விடிந்த பிறகு அவள் குரல் கேட்டது. "வணக்கம் சார்!" நான் பதில் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைத்தேன், நாக்கு வறண்டு வெறும் காற்றுதான் வந்தது. அவள் செருப்புச் சத்தம் நம் வீட்டைத் தாண்டிப் போவதைத் தரையில் காதை வைத்தபடி கேட்டுக்கொண்டு கிடந்தேன். என் வாழ்நாளில் யாரையாவது திரும்பி வா என்று அவ்வளவு ஏங்கி நினைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

உனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டவள் பார்த்துவிட்டு, நலம் என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள், அப்பா நாள் முழுக்கக் கிடந்தார். மீதியையும் கேள்.

அன்று சாயங்காலம் அவள் கடையிலிருந்து திரும்பி வரும்போது எதிரே தண்ணீர் லாரி வந்திருக்கிறது. வழிவிடுவதற்காக நம் கேட்டை ஒட்டி ஒதுங்கினாள். வாளிக்குள் புழுதியும் காய்ந்த இலையும் கிடந்தன. முந்தின நாள் சாயங்காலம் புழுதிக்காற்று அடித்தது, அவள் பார்த்த அன்றைக்கோ ஓர் இலை அசையவில்லை. அப்படியென்றால் ராத்திரி வாளியை யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. கேட் ஏறிக் குதித்தாள். கம்பி முழங்கையைக் கிழித்துவிட்டது, தழும்பு இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்க வைத்தாள். உடைந்ததும் அவரை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து என்னை மூடினாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களை உள்ளே விட்டாள். அந்த நேரத்திலும் ஒரு கிழவனின் மானத்தைப் பற்றி அவளுக்குத் தோன்றியது பார். ஈரத்துணியால் என் உதட்டை நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை வந்தாள்.

அங்கேதான் உன் போன் வந்தது. எடுத்தது அவள்; காலையில் வாளியை மட்டும் பார்த்துவிட்டுப் போனதையும் அவளே உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ பேசியதை அவள் இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவர் காதில் விழுந்து, அவர் எனக்குச் சொன்னார். கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாயாம். விசில் ஊதிக்கொண்டு திரிய மட்டும் தெரிகிறதா என்று கேட்டாயாம். "நீங்க என்ன எங்கப்பாவுக்குப் பொண்ணா? செய்யறதா இருந்தா ஒழுங்கா செய்யுங்க, இல்லன்னா விட்டுடுங்க" என்றாயாம். பிறகு சங்கத்துக்கும் எழுதினாய். செயலாளர் அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று முழுக்கப் படித்தார். அவள் அங்கே உட்கார்ந்திருந்தாளாம்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை கண்ணு. அத்தனை தூரத்தில், குழந்தையையும் வைத்துக்கொண்டு, உடனே கிளம்பி வர முடியாமல் துடித்திருப்பாய். யார் அகப்பட்டார்களோ அவர்கள்மேல் பாய்ந்துவிட்டாய். வேறு எப்படிப் பேசுவாய்? என் நாக்குதானே உனக்கும். உன் அம்மாவின் பொறுமை வந்திருக்கக் கூடாதா என்று இப்போது எனக்காகவும் உனக்காகவும் வருத்தப்படுகிறேன்.

அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். தூர்வாரும் நாளன்று நாலைந்து பேர் மண்வெட்டியோடு வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கலைந்தார்கள். முதல் மழைக்கே வாசகசாலைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சேகரித்த கம்பளி மூட்டைகள் செயலாளர் வீட்டுக் கார் கொட்டகையில் கிடக்கின்றன. யாருக்குக் கொடுப்பது என்பது அவளுக்குத்தான் தெரியும். இப்போதைக்கு எலிகள் கதகதப்பாக இருக்கின்றன. ஓட்டப்பந்தயம் உண்டா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சங்கத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது, வரிக்கு வரி பிழை. சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன்.

போன வாரம் டிரைவரைக் கெஞ்சி அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், தேநீர் கொடுத்தாள், இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வாளியை ராத்திரியும் எடுக்காமல் விட்டவன் நான்தான் என்று சொன்னேன். சொல்ல எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்திருப்பேன் தெரியுமா? அவள் சாதாரணமாக, "தெரியும் சார், அந்த இலையப் பாத்தப்பவே தெரிஞ்சுடுச்சு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு ஏனம்மா வாயைத் திறக்கவில்லை, என் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமே, கூட்டத்திலாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "விழுந்து கெடக்கறவர் மேல போயி குத்தம் சொல்றதா சார்?" என்றாள்.

திரும்ப வாம்மா என்று கேட்டுப் பார்த்தேன். கோபமே இல்லாமல் பதில் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்க பொண்ணு கேட்டது சரிதானே சார், நான் யாரு?" என்றாள். நான் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வெயில் காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. மற்ற வீடுகளில் சிவப்பு வாளியில் துணி ஊறுகிறது. நான் மட்டும் தினமும் காலையில் குனிந்து வாசலில் வைக்கிறேன், இருட்டினால் குனிந்து எடுக்கிறேன். பயிற்சிக்கு வரும் பெண் இடுப்புக்கு நல்லது என்கிறாள். மழைத்தண்ணீர் நிரம்பினால் செடிக்கு ஊற்றுகிறேன். விசில் இப்போது நம் தெரு வழியாக வருவதில்லை, கடைக்குப் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

நேற்று செயலாளர் வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் அவளுடைய விசில், அதே நீலக் கயிற்றோடு. "சார் கழுத்துல மாட்டிக்கட்டும், குளியலறைக்குப் போகும்போதும் கழட்ட வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துச் சமையல்கார அம்மா சிரித்ததில் பழைய மனத்தாங்கல் தீர்ந்தது.

நீ என்னை அங்கே வந்துவிடச் சொல்கிறாய். வருகிறேன் அம்மா, வரமாட்டேன் என்று இனி அடம்பிடிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் இதை இப்படியே போட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அவள் முகவரியைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நாலு வரி எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். அப்பா சொல்லித்தான் தெரிந்தது என்று எழுது. அவள் யார் என்று அவள் கேட்டதற்கு உனக்குத் தோன்றுவதை எழுது.

குழந்தையை இரவில் போர்த்திப் படுக்க வை, அங்கே குளிர் அதிகம் என்கிறாய். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் பக்கத்தில் நாலு பேர் உள்ள வீட்டில் நீ இருக்க வேண்டும், அவர்கள் கதவைத் தட்டினால் திறக்கிற மனசு உனக்கு எப்போதும் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதம் அதுதான்.

விசிலை நான் இன்னும் ஊதிப் பார்க்கவில்லை. ஊதினால், வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின் தெருவிலிருந்து அவள் ஓடி வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஊதவில்லை. நீ எழுதிவிட்டாய் என்று தெரிகிற அன்றைக்கு ஊதுகிறேன்.

உன் அப்பா