கித்தாப்பால் சப்பாத்து

எட்டாங்கட்டைத் தோட்டம்,
தம்போய், ஜோகூர்.
1936, வெள்ளிக்கிழமை. நல்ல மழை.

அண்ணே, உன்னைத் தேடி ஜோகூர் டவுன் பந்துக் குழுவின் தலைவரே துரையின் மோட்டார் வண்டியில் ஏறி நம் தோட்டத்துக்கு வந்துவிட்டார், அதுவும் உன் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு!

சேதியை முதலில் எழுதிவிட்டேன், வணக்கம் பின்னால் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. அன்பு அண்ணன் ஜெயபாலனுக்குத் தங்கை புஷ்பவள்ளி கைகூப்பி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை மாரியம்மனிடம் ஒப்படைத்திருக்கிறேன். மழை கொட்டுவதால் இன்று ரப்பர் மரத்தில் கித்தாப்பால் வெட்டவில்லை. விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற எல்லாரையும் லயத்து வீடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் காலையிலேயே எழுத உட்கார்ந்தேன். கருவாடு சுற்றி வரும் பேப்பரைப் பார்த்து நானே கற்றுக்கொண்ட எழுத்து, கூடவே அவசரமும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? பொறுமையாகப் படி.

நேற்றுப் பதினோரு மணி இருக்கும், பால் நிறுக்கும் நேரம். எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். நான் புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். துரையின் வண்டி வந்து நின்றது. முன்னாலிருந்து துரை இறங்கினார். பின்னாலிருந்து கோட்டுப் போட்ட ஒரு தமிழர் இறங்கினார். அவர் கையில் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தார். அலமாக்! உன் வலது கால் சப்பாத்து, அண்ணே! புல்லும் மண்ணும் ஒட்டிக்கொண்டு, செத்த பெருச்சாளி மாதிரி இருந்தது.

கையிலிருந்த ஷீட்டை அப்படியே கீழே விட்டுவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். டவுன் குழுவுக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில் சப்பாத்து இல்லாதவர்கள் திடலில் இறங்கக் கூடாது என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கு எழுதும் கிராணி வீட்டில் தூக்கிப்போட்ட கிழிந்த கான்வாஸ் சப்பாத்தை எடுத்து வந்து, ஸ்டோர் தொட்டியில் மிஞ்சிய பாலில் ஏழு தடவை முக்கி, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உருட்டி அடியில் குமிழ் வைத்து, ஷீட்டுகளுக்கு நடுவில் மூன்று நாள் புகையில் தொங்கவிட்டேன். மிஞ்சிய பாலானாலும் தோட்டத்துப் பால்தானே? போன வருஷம் ஒரு பை ஒட்டுப்பாலுக்காகப் போலீஸ் வந்து ஆளைக் கூட்டிப்போனதை நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம். நான் ஷீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கிராணி சதாசிவம் அந்தச் சப்பாத்தை உயரத் தூக்கிப் பிடித்து, "யாருதுடா இது? இதப் போட்டுக்கிட்டு ஆடுனவன் எவன்டா?" என்று கத்தினார். அம்மா வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "எம் மவன் ஜெயபாலன் போட்டதுங்க. ஆனா செஞ்சது நான். அவன் மேல எழுதாதீங்க, எம் மேல எழுதிக்குங்க" என்றாள்.

நம் அம்மா! பந்து சோறு போடுமா என்று கேட்டு உன் பந்தைப் பிடுங்கி அரிசித் தகரத்துக்குள் போட்டு மூடிய அதே பேச்சியம்மாள்! வாளி சாய்ந்து பால் வழிந்தது. ஒரு சொட்டு சிந்தினாலும் நம்மை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள், நேற்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் நடுவில் நின்று, "பொய்யிங்க! அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் செஞ்சேன்" என்று கத்திவிட்டேன். துரை முன்னால் நான் கத்தினேன், அண்ணே.

கோட்டுக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, அன்னிக்கு வேலிக்கு அந்தாண்ட நின்னு பந்த எடுத்துக் குடுத்த புள்ளதான நீ?" என்றார்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். பொம்பளைப் பிள்ளைகள் திடலுக்குப் போகக் கூடாது என்பதால், அமானுல்லா காக்கா மளிகைக் கடைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கோலுக்குப் பின்னால் வேலிக்கு வெளியே லாலான் புல்லுக்குள் ஒளிந்து நின்றேன். காலையில் கல் மாதிரி இருந்த சப்பாத்து நாலு மணி வெயிலில் இளகிப் பிசுபிசுத்ததை முதலில் கண்டுபிடித்தது நான்தான். நீ ஓட ஓடப் புல் ஒட்டியது, மண் ஒட்டியது, உன் கால் இரண்டும் குருவிக்கூடு மாதிரி ஆயின. அப்புறம் நீ பந்தை அடித்தாய். சப்பாத்து கழன்று பந்துக்கு முன்னால் பறந்தது. கோல் காத்தவர் பந்தை விட்டுவிட்டுச் சப்பாத்தைப் பிடித்தார். திடலே உருண்டு புரண்டு சிரித்தது. "ஒட்டுப்பால்! டேய் ஒட்டுப்பால்!" என்று கத்தியது எனக்கும் கேட்டது. நான் செய்த பொருளை வைத்து உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஆனால் உனக்குச் சிரிப்பு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. யார் காலிலோ பட்டுப் பந்து உன்னிடமே திரும்பி வந்தது. கோபத்தில் வெறுங்காலால் ஒரு அடி அடித்தாய். அடித்த வேகத்தில் திரும்பிக்கொண்டு, இன்னொரு சப்பாத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு நடந்துவிட்டாய். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன், அண்ணே. பந்து கோல் காத்தவர் கையை உரசிக்கொண்டு கோலுக்குள் போனது, வேலியைத் தாண்டியது, லாலானுக்குள் என் காலடியில் வந்து விழுந்தது. சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அதற்குப் பிறகுதான் விசில் ஊதி, வெறுங்காலால் அடித்தது கணக்கில் வராது என்றார்கள். நீ அதற்குள் பஸ் ரோட்டுக்குப் போய்விட்டாய். கோல் காத்தவர் பந்தை எடுக்க வேலிப் பக்கம் வந்தார். ஒரு கையில் உன் சப்பாத்து. இன்னொரு கையை வாயால் ஊதிக்கொண்டே, "யப்பா, என்னா அடிடா!" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். நான் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அவர்தான் இந்தக் கோட்டுக்காரர். பெயர் தங்கராஜு, குழுவின் தலைவர், தபாலாபீசில் வேலை. நேற்று அம்மா அழ ஆரம்பித்ததும் பதறிப்போய், "அக்கா, நான் போலீசு இல்லக்கா, கோல் காக்குறவன்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அம்மாவைத் தவிர. "ஒங்க மவன் அடிச்ச அடியில மூணு நாளு கையி வீங்கிப்போச்சு. தபாலுக்கெல்லாம் இடது கையாலதான் முத்திரை குத்துனேன். இந்த ஆளு வேணும்னு கமிட்டியில மூணு வாரமா சண்டை போட்டேன். சப்பாத்து போட்டவன் எல்லாம் ஆடத் தெரிஞ்சவனா? இப்ப ஒத்துக்கிட்டாங்க. பேரு தெரியாம இந்தச் சப்பாத்த வச்சே தோட்டம் தோட்டமா விசாரிச்சு வந்தேன். எங்கக்கா அவரு?" என்று கேட்டார்.

எங்கே என்று அம்மா என்ன சொல்வாள்? சிங்கப்பூருக்கு ஓடிப்போய் மூட்டை தூக்குகிறான் என்றா? சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான்தான், "இருக்காருங்க, கூப்புட்டா வருவாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யாகப் போய்விடக் கூடாது.

அடுத்தது துரை. அவர் சப்பாத்தை வாங்கி வளைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எத்தனை நாள் புகையில் வைத்தாய் என்று கேட்பதாகக் கிராணி சொன்னார். "மூணு நாளுங்க, தொரே" என்றேன். துரை நீளமாக என்னவோ சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். கிராணி என்னிடம், "இன்னொரு தடவ தொட்டிப் பாலத் தொட்டா வேலயிலருந்து பேரு வெட்டிருவாராம், போ" என்றார். அவ்வளவு நீளமாகப் பேசியது இதற்கு மட்டுமா? நான் நகராமல் நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "வேல சுத்தமா இருக்குன்னாரு. கந்தகம் கலந்து சூடு காட்டுனா வெயில்ல இளகாதாம். போயித் தொலை" என்றார்.

கந்தகமாம், அண்ணே! அது மட்டும் முன்னாலேயே தெரிந்திருந்தால்! நேற்றே காக்கா கடைக்கு ஓடிக் கந்தகம் கேட்டேன். "யாருக்கு தாயி சொறி? ராத்திரி தடவிட்டுக் காலையில குளிக்கணும்" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டுவிட்டார். இன்றைக்கு லயத்தில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். உட்காராமல் போகட்டும். நீ எறிந்த இடது கால் சப்பாத்தை மறுநாளே லாலானுக்குள் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். பால் மட்டும் இனிமேல் பக்கத்துக் கம்பத்தில் சொந்த மரம் வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குவேன், தொட்டிப் பக்கம் போக மாட்டேன். கந்தகத்தை எவ்வளவு கலப்பது, எப்படிச் சூடு காட்டுவது, ஒன்றும் தெரியாது. பத்துத் தடவை கெட்டுப்போனாலும் பதினோராவது தடவை வந்துவிடும்.

அதுவரை நீ வெறுங்காலோடு வா. இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு சிங்கப்பூர்க் குழு ஜோகூர் பாருவுக்கு ஆட வருகிறது. அந்தக் குழுவிலேயே பாதிப் பேர் வெறுங்கால்தானாம், அதனால் இந்தத் தடவை சப்பாத்துச் சட்டம் கிடையாது. வியாழக்கிழமை தங்கராஜு பெயர்களை எழுதிக் கொடுக்கவேண்டும். உன் இடத்தை அதுவரை காலியாக வைத்திருப்பதாக என் தலையில் கை வைத்துச் சொன்னார். ஆட்டத்தன்று இரண்டு மணிக்கு ரயில் ஸ்டேஷன் வாசலில் நிற்பாராம். மாதம் முடிவதற்குள் வந்தால் தோட்டத்திலும் உன் பெயர் இருக்கும் என்று கிராணி சொன்னார்.

பந்து என்ற பேச்சு எடுத்தாலே நீ எழுந்து வெளியே போய்விடுவதாக அங்கே உன்னோடு இருக்கும் மணியம் மாமா எழுதியிருந்தார். இந்தக் கடிதத்தையும் பாதியில் மடித்து வைத்துவிடாதே. உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தது என் சப்பாத்து. சிரிப்பை நிறுத்தியது உன் கால். அதைப் போய் மூட்டைக்குக் கொடுத்துவிட்டாயே! நேற்றிலிருந்து நம் லயத்துப் பிள்ளைகள் துணிப்பந்து கட்டி உதைக்கிறார்கள். வாயில் தோட்டத்துக் கெட்ட பாஷை, கேட்டால் எல்லாரும் ஜெயபாலனாம். கிருஷ்ணம்மாவின் மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்ததில் நம் வீட்டுப் பானை ஒன்று போய்விட்டது. அம்மா திட்டவில்லை.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. நேற்றுச் சாயந்திரம் அரிசித் தகரத்தைத் திறந்து உன் பந்தை வெளியே எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். வாசற்படியில் நீ செருப்பு விடும் இடத்தில் வைத்தாள். இன்று காலையில் இத்தனை மழையிலும் எழுந்து, அது நனையாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இதை உன்னோடு மூட்டை தூக்கும் நம் பையன்கள் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. அவர்களில் பாடத் தெரிந்தவன் இருப்பான், படம் போடத் தெரிந்தவன் இருப்பான், யாரோ சிரித்ததால் விட்டுவிட்டு வந்திருப்பான். சிரிப்பு எப்போது நின்றது என்று திரும்பிப் பார்க்கச் சொல். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வா. நாங்களும் லயத்துப் பொம்பளைகள் எல்லாரும் வருகிறோம். இந்தத் தடவை வேலிக்கு வெளியே நிற்க மாட்டோம். அம்மாவும் வருகிறாள்.

புதன்கிழமைக்குள் எனக்கு ஒரு கார்டு போடு. வருகிறேன் என்று மட்டும் எழுது, போதும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தக் கார்டை என்னிடமிருந்து அவள்தான் முதலில் வாங்குவாள்.

உன் காலுக்கு ஒரு முள்ளும் குத்தாமல் மாரியாத்தா காப்பாற்றட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் தங்கை,
புஷ்பவள்ளி