பதினோராம் நம்பர் டோக்கன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் நலம். தங்கவயல் குளிர்தான் இன்னும் பழகவில்லை.

ஞாயிறு மாலை எங்கள் மகளிர் சங்கம் இந்த ஊரின் பாலகாட் பகுதியில் ஒரு ஹாலை எடுத்துக் கலைவிழா நடத்தியது. பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்து பெங்களூரில் இருக்கும் ரோஹிங்கியா பெண்களுக்காக. பதினெட்டுப் பேர் ரயிலில் வந்தார்கள். நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி வாசலில் நோட்டை விரித்துப் பெயரும் விலாசமும் எழுதச் சொன்னேன். அத்தனை பேரும் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் எழுதினால் போலீஸ் வரும் என்ற பயம்.

சங்கத் தலைவி பார்வதம்மாவின் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "நோட்ட மூடும்மா! பேரு இன்னாத்துக்கு? எங்க வூட்டுக்காரரு டோக்கன் எடுத்துக்கினு கீழ எறங்குவாரு, மேல வந்து திருப்பிக் குடுப்பாரு. எது திரும்பலையோ அந்த ஆளத் தேடுவாங்க" என்று பார்வதம்மாவே அட்டையைக் கிழித்து ஆளுக்கொரு நம்பர் போட்டுக் கொடுத்தார். உள்ளே வந்தார்கள்; பாடினார்கள்.

கிளம்பும்போது பதினோராம் நம்பர் மட்டும் திரும்பவில்லை. ரயிலுக்கு நேரமாகியும் பார்வதம்மா வாசலை விட்டு நகரவில்லை. தேடிப் பார்த்தால், அந்த டோக்கனை வாங்கிய சிறுமி மேடைக்குப் பின்னால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்! ரயிலைப் பிடித்துவிட்டோம்.

போலீஸ் தொல்லை வரும் என்று ஹால்காரர் இனி இடம் தரமாட்டாராம். தராவிட்டால் தெருவில் பந்தல் போடுவோம். அடுத்த மாதமும் கண்டிப்பாக நடக்கும். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கருப்பட்டியும் என் பச்சைப் போர்வையும் அனுப்புங்கள். ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் என் வாசல் சாவி தொங்குமே, அதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நானும் திரும்பி வரவேண்டியவள்தானே.

தாமரைக்கனி