மலை தெரியட்டும் என்றேன்

என் அன்பு மச்சானுக்கு,

ராஸ் அல் கைமாவில் இன்று மறுபடி மழை. குவாரியில் டூட்டி இல்லை. வாடிப் பக்கம், அந்தக் காட்டாற்றுப் பள்ளத்துக்கு, யாரும் போகக் கூடாது என்று ஃபோர்மேன் ஒவ்வொரு ரூமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். உங்கள் கட்டிலில் இப்போது ஒரு பீகார்க்காரர் படுக்கிறார். நல்ல மனிதர். ஆனால் ரூமில் ஆறு பேர் இருந்தும் தமிழில் பேச எனக்கு ஆளில்லை.

கடலின் ஈரம் வானத்திலேயே ஆறாக ஓடிவந்து மலையில் மோதிக் கொட்டுமாம். வளிமண்டல ஆறு என்று பெயராம், போனில் பார்த்தேன். அன்று நமக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? தலைக்கு மேல் வெயில் அடித்தது, மழை விட்டுவிட்டது என்று எப்போதும் வறண்டு கிடக்கும் அந்த வாடிக்குள் இறங்கினோம். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலைவனத்தில் மழை பெய்தால் ஊருக்கு வீடியோ அனுப்பாத ஆள் இந்த கேம்ப்பில் உண்டா?

"உங்க அக்காளுக்கு அனுப்புவோம், எடு மாப்ள" என்றீர்கள்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க மச்சான், மலை தெரியட்டும்" என்றேன் நான்.

போனீர்கள். மலையில் பெய்தது எல்லாம் கல்லும் மண்ணுமாக ஒரே மூச்சில் இறங்கியது. கரையோரம் நின்றதால் நான் ஏறிவிட்டேன். உங்களை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். வீடியோவை அன்றே அழித்துவிட்டேன்.

அக்காவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தியும் நீங்களாக உள்ளே போனீர்கள் என்றேன். அவள் நம்பிவிட்டாள். உங்கள் படத்தைக்கூட மாட்ட மாட்டேன் என்கிறாள். நேற்று போனில் கேட்டாள்: "என்னையும் பிள்ளைகளையும் ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா அந்த மனுஷன் எறங்கியிருப்பாராடா?"

அவளுக்குக் காட்டத்தானே இறங்கினீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். செத்த பிறகும் என் பழியை நீங்கள்தான் சுமக்க வேண்டுமா?

அடுத்த மாதம் லீவு கிடைத்திருக்கிறது. போனில் சொல்ல மாட்டேன் மச்சான். அவள் எதிரில் உட்கார்ந்து, அன்று வாடியில் உங்களிடம் நான் என்ன சொன்னேனோ அதை அப்படியே சொல்வேன். இது சத்தியம். அதன்பிறகு எனக்கு அக்கா இருப்பாளோ என்னவோ. உங்கள் பெண்டாட்டிக்கு உங்கள் மேல் கோபம் இருக்காது.

உங்கள் மச்சினன்,
பாண்டி