நீட்டிய கை

என் செல்ல அக்காவுக்கு,

நீ கண்மூடியபின் உன் மகன் டேனியல் சித்தூரில் என்னோடுதான் இருக்கிறான். ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. எது தேவைப்பட்டாலும் கையைக் கடித்துக்கொள்கிறான், ரத்தம் வரும்வரை. நீ பதறிப்போய் வாயில் வெல்லத்தைப் போட்டு அடக்குவாயே, நினைவிருக்கிறதா? கடித்தால் வெல்லம் வரும் என்று பிள்ளை பிடித்துக்கொண்டான். உன்மேல் கோபமில்லை அக்கா. பெற்ற வயிறு வேறு என்ன செய்யும்?

"திருப்பதியில மனோதத்துவம் படிச்சி இன்னா கிழிக்கப் போற?" என்று உன் வீட்டுக்காரர், மாமா, அன்றைக்கே கேட்டார். இதைத்தான் படித்தேன். பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது, செய்தால் அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பது. கடிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வேன், எதுவும் தரமாட்டேன். வேண்டியதைக் கேட்கக் கையை நீட்டப் பழக்கினேன்; நீட்டினால் உடனே தருவேன். சபைப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. "தாயில்லாப் புள்ளைய அழவுட்டு வேடிக்க பாத்துக்கினு கீறியே, கல்லு மனசுடி உனக்கு!" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பல நாள் நானும் அவனோடு சேர்ந்து அழுதேன்.

போன ஞாயிறு அறுப்புப் பண்டிகை. தேவாலய வாசலில் காணிக்கை வாழைத்தாரை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். டேனியல் பழத்தைப் பார்த்தான். கை வாய்வரை போயிற்று. சட்டென்று இறக்கி, பழம் வைத்திருந்தவர் முன்னால் நீட்டினான். யாரும் சொல்லாமல், அவனாகவே, அக்கா!

"ஐயோ பாவம்" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், மாமா பாய்ந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். "எம்புள்ளைய பிச்ச எடுக்கவா பழக்கிக்கினு கீற?"

"பிச்சை இல்ல மாமா, அதான் அவன் பேச்சு" என்றேன். காதில் வாங்கவேயில்லை. பிள்ளை என்னைப் பார்த்தான். பிறகு கையைக் கடித்தான். நாலு பேர் பழத்தோடு ஓடிவந்தார்கள்.

சனிக்கிழமை அவனைப் பலமனேரில் தன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் விடப் போகிறாராம். "உன் படிப்பு எங்களுக்குப் போதும்மா" என்கிறார். திருப்பதியில் புதிதாகத் தொடங்கும் பள்ளியில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம், நம் பிள்ளைக்குக் கூடாதா? நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

அவனைக் கொண்டுபோகும் பலமனேர் பஸ்ஸில் நானும் ஏறுவேன் அக்கா. வேலை காத்திருந்தால் காத்திருக்கட்டும், போனால் போகட்டும். மாமா தன் தங்கை வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்தினாலும் நகரமாட்டேன். அவன் இன்னொரு முறை கையை நீட்டுவான். அப்போது அதைத் தட்டிவிடாத ஒருத்தி பக்கத்தில் இருப்பாள்.

உன் தங்கை,
டேனியலின் சித்தி