என் பொண்ணு செஞ்ச பொட்டி

என் வாயாடி மகளுக்கு,

நாங்கள் நலம். போனில் பேசினால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

கார் இன்ஜினை அடக்கி ஓட்டும் பொட்டிக்குக் கம்ப்யூட்டரில் மூளை எழுதுகிற வேலையை விட்டுவிட்டு, எந்தக் கடையில் எந்தச் சரக்கு எப்போது விற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலைக்குப் போக ஆசை என்கிறாய். நான் வேண்டாம் என்றால் போகமாட்டாயாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. மூன்று வருஷமாக நம்ம நெல்லித்தோப்பு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற ஒவ்வொரு புதுக் காரிலும் அந்தப் பொட்டியைத் தட்டிக்கொடுத்து, "என் பொண்ணு செஞ்சது" என்பேன். நேற்று எலக்ட்ரீசியன் கன்னியப்பன் மானத்தை வாங்கிவிட்டான்.

"அண்ணே, இது வேற கம்பெனி பொட்டிண்ணே."

"சும்மா இருய்யா, அவ எல்லாருக்கும்தான் செய்யறா."

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் புரிந்ததில்லை, கண்ணு. நீ விளக்கும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆனால் இந்தப் புது வேலை! மழையில் நனைந்து நின்றுபோகிற வண்டிகளுக்காகப் பத்து நாள் முன்னாலேயே ஸ்பார்க் பிளக் வாங்கி வைக்கிறேனே, காலாப்பட்டு யூனிவர்சிட்டியில் பரீட்சை முடிந்த மறுநாள் பைக்குகள் வந்து குவியும் என்று இடம் ஒழிக்கிறேனே, அதுதானே இது? முதல் தடவையாக உன் வேலை எனக்குப் புரிகிறது!

வியாழக்கிழமையே சரி என்று சொல்லிவிடு. கன்னியப்பனிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

தலையாட்டுவதை விட்டுவிட்ட,
உன் அப்பா