சாட்டின் மேல் விழுந்த சொட்டு

மார்ச் 3
கண்ணில் மறுபடியும் தண்ணீர். காலையிலிருந்து பதினோரு தடவை துடைத்தாயிற்று. கடையில் பட்டன் தைப்பவள் வந்து முதுகைத் தடவினாள். "போனா போறாரு, விடுங்கக்கா. அழுது உடம்பக் கெடுத்துக்காதீங்க."

நான் அழுகிறேனாம்! அதுவும் அந்த மகராசனுக்காக! ஏழு மாதம் முன்பு "எனக்கு நிம்மதி வேணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனவர். இருபத்திரண்டு வருடம் என் நிம்மதியைத் தின்று ஏப்பம் விட்டவருக்கு நிம்மதி வேண்டுமாம். அவர் போன அன்றுதான் நான் காலை நீட்டித் தூங்கினேன். சொன்னால் இவள் நம்பவா போகிறாள்?

மார்ச் 4
கடையில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 9
கல்யாண கவுனுக்கு வெள்ளைப் பட்டு சாட்டின் வெட்டும்போது ஒரு சொட்டு விழுந்துவிட்டது. காய்ந்ததும் வட்டமாகக் கறை. பத்தொன்பது வருடம் கத்தரி பிடித்த கை இது. ஒரு இழை பிசகியதில்லை.

முதலாளியம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மனசு சரியாகுற வரைக்கும் லைனிங் துணி மட்டும் வெட்டுங்க" என்றார். மனசு! என் மனசுக்கு என்ன கேடு? என் மேஜையில் இனி முதலாளியம்மாவின் தங்கை. தலையணை உறைகூட நேராக வெட்டத் தெரியாது அதுக்கு.

மார்ச் 12
பஸ் ஸ்டாப்பில் நாத்தனார். எதிர்க்காற்றில் என் கண் கொட்டோ கொட்டென்று கொட்டியது. "அழாதம்மா, தம்பிகிட்ட நான் பேசறேன்." வாயைத் திறப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

மார்ச் 15
வந்தார். பெட்டியோடு.

"நீ எனக்காக இப்படி உருகுவேன்னு தெரியாமப் போச்சு."

"கண்ணுல ஏதோ கோளாறு. உங்களுக்காக இல்ல."

"இப்பக்கூட வழியுது பாரு. ஏன் மறைக்கிற?"

அந்த முகத்தில் ஒரு பூரிப்பு. தூ! கதவைச் சாத்தினேன். சாத்தின பிறகும் கண்ணுல தண்ணி நிக்கல, சனியன். ஒருவேளை நிஜமாகவே அழறேனா? எனக்கே தெரியாம? சீ.

மார்ச் 17
கண் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். இமையை மடித்து, சொட்டு விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். "உங்க கண்ணு காஞ்சு கெடக்கும்மா" என்றார்.

"காஞ்ச கண்ணுல எப்படிம்மா தண்ணி கொட்டும்?"

"இமையோரத்துல எண்ணெய் சுரக்கணும். உங்களுக்கு அது அடைச்சிருக்கு. எண்ணெய் இல்லாட்டி ஈரம் நிக்காது. கண்ணு காஞ்சு உறுத்தும். உறுத்தினா பதறிப்போய் மொத்தமா கொட்டும். நாளெல்லாம் ஏசில, துணியையே மொறைச்சுப் பாக்கறீங்க. சிமிட்டறதேயில்ல."

"மனசுக்கும் இதுக்கும்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல."

அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. வெந்நீர்த் துணி ஒத்தடம், இமை சுத்தம், சொட்டு மருந்து.

மார்ச் 18
டாக்டர் சீட்டை முதலாளியம்மா முன்னால் வைத்தேன். பட்டன்காரி எட்டிப் பார்த்தாள். "அப்ப உங்க வீட்டுக்காரருக்காக இல்லையா?" ஏமாற்றம் அவளுக்கு.

ஏப்ரல் 11
மேஜை திரும்பக் கிடைத்தது. தங்கையம்மாள் மூன்று கவுன்களைக் கோணலாக்கிய பிறகு.

மே 6
வக்கீல் ஆபீசில் பிரிவுப் பத்திரம். கையெழுத்துப் போடும்போது அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஒரு சொட்டு கூடவா இல்ல?" என்றார்.

அவர் கண் கலங்கியது. எந்த வகைக் கலக்கமோ, நான் கேட்கவில்லை. இரண்டு மணிக்கெல்லாம் கடைக்குத் திரும்பிவிட்டேன். பட்டு வந்திருந்தது.